உலகக் களஞ்சியங்களும் சேலம், நாமக்கல் சமவெளியும்: ஒரு மதிப்பீடு

வளங்குன்றா வளர்ச்சி, சுற்றுச்சூழல் ஆகியவை குறித்த உலகளாவிய நோக்குநூல்கள் கடந்த ஐம்பது ஆண்டுகளில் பெருகியுள்ளன. 1972-இல் வெளிவந்த 'வளர்ச்சியின் எல்லைகள்', 1987-இல் புருண்ட்லாந்து ஆணையம் அளித்த 'நமது பொது எதிர்காலம்', 1992 ரியோ மாநாட்டின் 40 அத்தியாயங்கள் கொண்ட 'நிகழ்ச்சி நிரல் 21', 2005-இல் நிறைவுற்ற ஆயிரமாண்டுச் சூழல்மண்டல மதிப்பீடு, 2015-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற 17 இலக்குகளும் 169 குறிக்கோள்களும் இவ்வரிசையில் முக்கியமானவை. இவற்றுள் கலைக்களஞ்சியம் என்னும் பெயருக்கு முழுதும் உரியது யுனெஸ்கோவின் ஆதரவில் உருவாகி, 2002 ஜோகன்னஸ்பர்க் மாநாட்டில் முறைப்படி வெளியிடப்பட்ட 'என்சைக்ளோபீடியா ஆஃப் லைஃப் சப்போர்ட் சிஸ்டம்ஸ்'. சுருக்கமாக 'இயோல்ஸ்' எனப்படும் இது, மண், நீர், காற்று, ஆற்றல், உணவு என உயிரைத் தாங்கும் அமைப்புகள் அனைத்தையும் ஒரே இடத்தில் தொகுக்கும் நோக்கம் கொண்டது.

இந்நூல்களின் பயனை அவற்றின் பருமனைக் கொண்டு அளக்க முடியாது. ஒரு குறிப்பிட்ட நிலப்பகுதியில் வாழ்பவர் தம் சிக்கலைப் புரிந்துகொள்ள அவை எவ்வளவு உதவுகின்றன என்பதே சரியான அளவுகோல். அதற்குச் சேலம், நாமக்கல் சமவெளி ஏற்ற சோதனைக்களம். மலை, ஆறு, பாறைநிலம், சுரங்கம், ஆலை, கோழிப்பண்ணை, போர்வெல் தொழில் எல்லாம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும் பகுதி இது. 1997 ஜனவரி 1 அன்று சேலத்திலிருந்து நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தாலும், நீரின் வழியிலும் தொழிலின் வழியிலும் இரண்டும் ஒரே பகுதியாகவே இயங்குகின்றன.

ஒரு கிழங்கின் தொடர்

இப்பகுதியில் குச்சிக்கிழங்கு என்று வழங்கும் மரவள்ளிக் கிழங்கு தென் அமெரிக்காவிலிருந்து வந்த பயிர். இரண்டாம் உலகப் போரின்போது மலாயாவிலிருந்து பனைவகை மரத்துச் சவ்வரிசி வருவது நின்றது. 1943-44 வாக்கில் சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியார் உள்ளிட்டோர் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யும் முயற்சியில் இறங்கினர். அத்தொழில் வளர்ந்து, 1981-இல் சேகோசர்வ் எனப்படும் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

சேகோ ஆலையில் கிழங்கைத் தோலுரித்து, கழுவி, அரைத்து, பாலைத் தொட்டிகளில் தெளியவிட்டு மாவு எடுக்கிறார்கள். எஞ்சும் நார்ச்சக்கை 'திப்பி' என்ற பெயரில் மாட்டுத் தீவனமாகிறது. கழுவுவதற்கும் தெளியவிடுவதற்கும் நிறைய நீர் வேண்டும். வெளியேறும் கழிவுநீரில் கரைந்த மாவுப்பொருள் மிகுதி. அது அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடுகிறது. கிழங்கில் இயல்பாக உள்ள லினமரின் என்னும் சேர்மம் அரைபடும்போது சிதைந்து சயனைடை வெளிவிடுவதால் கழிவுநீரில் அதன் கூறும் சேர்கிறது. இதே கழிவுநீரைக் காற்றுப் புகாத தொட்டியில் நொதிக்கவைத்தால் எரிவாயு கிடைக்கும். பல ஆலைகள் அதைச் செய்து தம் எரிபொருள் செலவைக் குறைத்துக்கொண்டுள்ளன.

இத்தொடரின் மறுமுனை கொல்லிமலையில் உள்ளது. அங்கு மலையாளி பழங்குடியினர் சாமை, தினை, கேழ்வரகு போன்ற சிறுதானியங்களை உணவுக்காகப் பயிரிட்டுவந்தனர். கீழே ஆலைகள் கிழங்கு கேட்டதும் மலைச்சரிவில் மரவள்ளி பரவியது, சிறுதானியப் பரப்பு சுருங்கியது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-கள் முதல் கொல்லிமலையில் சிறுதானிய மீட்புப் பணிகளைச் செய்துவருவதற்கு இதுவே பின்னணி. சமவெளியின் ஆலைத்தொட்டிக்கும் மலைக் குடும்பத்தின் உணவுக்கும் இடையே நேரடித் தொடர்பு உண்டு.

இதை இயோல்ஸ் போன்ற களஞ்சியத்தில் தேடும் மாணவருக்கு என்ன கிடைக்கும்? அதன் பகுப்பு துறைவழிப்பட்டது. பயிர் உணவு, வேளாண் அறிவியல்களின் கீழ் வரும். கழிவுநீர் நீரியலின் கீழும், எரிவாயு ஆற்றல் அறிவியலின் கீழும், சிறுதானிய இழப்பு பல்லுயிர்ப் பிரிவிலும், பழங்குடி வாழ்வு சமூக அறிவியலிலும் வரும். ஒவ்வொரு பிரிவிலும் தேர்ந்த அறிஞர்கள் எழுதிய தெளிவான விளக்கங்கள் இருக்கின்றன. காற்றற்ற நொதித்தலின் வேதியியலை அங்கு நன்றாகவே கற்கலாம். ஆனால் கிழங்கு, ஆலை, ஆறு, மலை ஆகியவற்றை ஒரே தொடராக இணைத்துக் காண்பது வாசகரின் பொறுப்பாகவே விடப்படுகிறது. சுற்றுச்சூழலில் எல்லாம் எல்லாவற்றோடும் இணைந்துள்ளது என்பதை முன்னுரையில் வலியுறுத்தும் நூல், உள்ளடக்கத்தில் அவ்விணைப்புகளையே வெட்டிப் பிரித்துத் தருவது இதன் முதன்மையான குறை.

உலக அறிவு காப்பாற்றிய பயிர்

குறையைச் சொல்லும்போதே எதிர்ப்பக்கச் சான்றையும் எடைபோட வேண்டும். 2020-இல் கேரளத்தின் திருச்சூரில் மரவள்ளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதன்முறையாகக் கண்டறியப்பட்டது. விரைவிலேயே அது சேலம், நாமக்கல் வயல்களுக்கும் வந்தது. நுனிக்குருத்துகள் சுருண்டு செடிகள் வளர்ச்சி குன்றின. உள்ளூர் அனுபவத்தில் இதற்கு மருந்து இல்லை, ஏனெனில் பூச்சியே இங்கு புதியது.

ஆனால் உலகம் இதை முன்பே பார்த்திருந்தது. 1970-களில் ஆப்பிரிக்காவில் இதே பூச்சி கோடிக்கணக்கான மக்களின் உணவுப்பயிரை அழித்தது. பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் நிறுவனத்தைச் சேர்ந்த ஹான்ஸ் ஹெரன் தலைமையிலான குழு, பூச்சியின் தாயகமான தென் அமெரிக்காவில் தேடி 'அனாகைரஸ் லோபெஸி' என்னும் சிறு ஒட்டுண்ணிக் குளவியைக் கண்டறிந்தது. ஆப்பிரிக்கா முழுதும் அக்குளவி விடப்பட்டுப் பூச்சி கட்டுப்பட்டது. இப்பணிக்காக ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. பின்னர் தாய்லாந்திலும் இதே வழி பின்பற்றப்பட்டது. பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் மையம் பெனின் நாட்டிலிருந்து இக்குளவியைத் தருவித்து, தனிமைப்படுத்திச் சோதித்தது. 2022 மார்ச் மாதம் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அதைக் களத்தில் விடும் பணி தொடங்கியது.

பராகுவேயில் கண்டறிந்து, பெனினில் பெருக்கி, ஏத்தாப்பூரில் பறக்கவிட்ட இந்தக் குளவியின் பயணம், அறிவு உலக அளவில் தொகுக்கப்படுவதன் தேவையை ஐயத்துக்கு இடமின்றி நிறுவுகிறது. 'உள்ளூர் அறிவே போதும்' என்ற வாதம் இங்கு நிற்காது. அதே வேளையில், இவ்வறிவு பயன்பட்டதற்கு ஏத்தாப்பூரில் ஒரு நிலையம் இருந்ததும், அங்குள்ளவர்கள் இப்பகுதிப் பயிர்முறையை அறிந்திருந்ததும் காரணம். களஞ்சியத்தின் அறிவு வயலை அடைய அத்தகைய ஓர் இடைநிலை தேவைப்படுகிறது.

எந்த அளவில் பார்ப்பது

இரண்டாவது சிக்கல் அளவு பற்றியது. இயோல்ஸில் நிலப்பகுதிசார் ஆய்வுகளும் உண்டு. ஆப்பிரிக்கா, சீனா, ஜப்பான், ஐரோப்பா போன்றவை அங்கு தனித்தனி அலகுகள். ஒரு கண்டத்தையே ஓர் அலகாகக் கொள்ளும் ஆய்வில் ஓர் ஆற்றுப்படுகை புள்ளியாகக்கூடத் தெரியாது.

திருமணிமுத்தாற்றை எடுத்துக்கொள்ளலாம். சேர்வராயன் மலைச்சாரலில் தோன்றி, சேலம் நகரின் நடுவே ஓடி, நாமக்கல் மாவட்டத்துக்குள் புகுந்து, பரமத்திவேலூர்ப் பக்கம் நஞ்சை இடையாறு அருகே காவிரியில் கலக்கிறது. நகரின் சாக்கடையும் சாயக்கழிவும் சேர்ந்து, ஆற்றின் பெயரில் உள்ள முத்துக்கும் மணிக்கும் பொருளில்லாமல் ஆக்கிவிட்டன. நீண்டநாள் இதைப் பாசனத்துக்கு நம்பியிருந்தவை நகருக்குக் கீழே உள்ள ஊர்கள். வளங்குன்றா வளர்ச்சி இலக்குகளில் ஆறாவது தூய நீர் பற்றியது. நிதி ஆயோக் 2018 முதல் இவ்விலக்குகளுக்கான மாநிலவாரிக் குறியீட்டை வெளியிடுகிறது. தமிழ்நாடு அதில் முன்வரிசையில் இடம்பெற்றுவருகிறது. மாநிலச் சராசரி உண்மையாக இருக்கலாம், ஆனால் சராசரியை வைத்து எந்த ஊரின் கிணற்றையும் அறிய முடியாது.

இதற்கு மாறான நல்ல எடுத்துக்காட்டும் உண்டு. மத்திய நிலத்தடி நீர் வாரியத்துடன் இணைந்து நடந்த மதிப்பீடு தமிழ்நாட்டில் குறுவட்டத்தை, அதாவது பிர்க்காவை, அலகாகக் கொண்டிருந்தது. சேலம், நாமக்கல் மாவட்டங்களில் பல குறுவட்டங்கள் 'அளவுக்கு மீறி எடுக்கப்பட்டவை' என்ற வகையில் இருந்தன. சார்னோக்கைட், நைஸ் போன்ற கடினப் பாறைகள் நிறைந்த இப்பகுதியில் நீர் சிதைந்த மேலடுக்கிலும் பாறை வெடிப்புகளிலும் மட்டுமே தங்கும். ஒரு குறுவட்டத்தில் நீர் இருக்க, அடுத்ததில் வறண்டிருப்பது இயல்பு. ஆகவே சிறிய அலகில் அளப்பது இங்கு அறிவியல் தேவை.

இங்கு இன்னொரு முரணும் கவனிக்கத்தக்கது. திருச்செங்கோட்டுப் போர் வண்டிகள் இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் சென்று ஆழ்துளைக் கிணறு தோண்டுகின்றன. பாறையின் தன்மை, வெடிப்பின் ஆழம், எங்கே தூசி பறக்கும், எங்கே நீர் பீச்சும் என்பதெல்லாம் அவ்வண்டித் தொழிலாளர்களின் கைவந்த அறிவு. நிலத்தடி நீர் குறைவதற்கும் இவர்கள் தொழிலே ஒரு கருவி, நிலத்தடிப் பாறையைப் பற்றிய மாபெரும் அனுபவத் தொகுப்பும் இவர்களிடமே உள்ளது. பாறைநீரியல் பற்றிய எந்தக் களஞ்சியக் கட்டுரையிலும் இவ்வனுபவத்துக்கு இடம் ஒதுக்கும் முறை இல்லை.

சேவையும் கடமையும்

2005-ஆம் ஆண்டின் ஆயிரமாண்டு மதிப்பீடு 1,360-க்கும் மேற்பட்ட வல்லுநர்களின் உழைப்பு. இயற்கை மனிதனுக்கு அளிப்பவற்றை அது 'சூழல்மண்டலச் சேவைகள்' என்று அழைத்து நான்காக வகுத்தது: வழங்கல், ஒழுங்குபடுத்தல், பண்பாடு, ஆதாரம். இவ்வகுப்பு இன்று பாடநூல்கள் வரை வந்துவிட்டது.

இதை இப்பகுதியின் ஓர் ஏரிக்குப் பொருத்திப் பார்க்கலாம். பாசன நீர் வழங்கல் சேவை. சுற்றுக் கிணறுகளில் ஊறுவது ஒழுங்குபடுத்தும் சேவை. கரையில் உள்ள சாமிக்குப் பொங்கல் வைப்பது பண்பாட்டுச் சேவை. கோடையில் உழவர்கள் ஏரியின் வண்டலை அள்ளி வயலில் இடுவதைப் பொருத்தும்போது வகுப்பு திணறுகிறது. வண்டல் வயலுக்கு உரமாகிறது, அதை அள்ளுவதால் ஏரி ஆழமாகிறது. இதில் ஏரி மனிதனுக்குச் செய்வது பாதி, மனிதன் ஏரிக்குச் செய்வது பாதி. தமிழில் அதற்குக் குடிமராமத்து என்று பெயர். 1858-ஆம் ஆண்டின் முதலாம் சட்டம் இவ்வழக்கத்தைக் கட்டாய உழைப்பாக மாற்றிப் பிடித்துவைக்கப் பார்த்தது. 2017-இல் தமிழ்நாடு அரசு அதே பெயரில் திட்டம் ஒன்றைத் தொடங்கியது.

சேவை என்ற சொல்லில் பெறுபவர் மட்டுமே உண்டு, மடை காப்பவரும் கரை கட்டுபவரும் இல்லை. இயற்கைக்கு விலை சொல்லாமல் அரசுகள் மதிக்கமாட்டா என்பதால் அச்சொல் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதை மறுப்பதற்கில்லை. பின்னர் வந்த பல்லுயிர்ப் பன்னாட்டு மன்றம் 'மக்களுக்கு இயற்கையின் பங்களிப்பு' என்று சொல்லை மாற்றி, பழங்குடி அறிவுக்கும் உள்ளூர் அறிவுக்கும் கூடுதல் இடம் தந்தது முன்னேற்றமே. ஆயினும் பங்களிப்பின் திசை இன்னும் ஒருவழியாகவே உள்ளது. 2010-இல் சேலம் மூக்கனேரியைக் குடிமக்கள் கூடித் தூர்வாரி, அந்த மண்ணையே திட்டுகளாக்கி மரம் நட்டபோது செய்தது, எந்தச் சேவைப் பட்டியலிலும் அடங்காத மறுதிசைச் செயல்.

சொல்லில் தொலையும் நிலம்

மொழிபெயர்ப்பும் ஒரு தடை. ஒரே கருத்துக்குத் தமிழில் வளங்குன்றா வளர்ச்சி, நிலையான வளர்ச்சி, நீடித்த வளர்ச்சி என மூன்று சொற்கள் வழங்குகின்றன. முதலாவது, வளம் குறையக்கூடாது என்று சொல்கிறது. மற்ற இரண்டும், வளர்ச்சி தடைபடாமல் தொடரவேண்டும் என்றும் பொருள்படும். மூலக்கருத்தில் உள்ள இழுபறியே இச்சொற்களில் வெளிப்படுகிறது என்றாலும், பாடநூலில் எந்தச் சொல் வருகிறது என்பதைப் பொறுத்து மாணவர் பெறும் கருத்து மாறிவிடுகிறது.

இதைவிட நுட்பமான சிக்கல் வட்டார வழக்கில் உள்ளது. கொங்கு வழக்கில் 'காடு' என்றால் பெரும்பாலும் மானாவாரி வேளாண் நிலம். கிணற்றுப் பாசன நிலம் 'தோட்டம்'. 'காட்டுக்குப் போகிறேன்' என்பவர் வேலைக்குப் போகிறார். காடழிப்பு பற்றிய உலக அறிக்கையின் தமிழாக்கத்தில் 'காடு' வரும்போது இப்பகுதி முதியவர் மனத்தில் தோன்றும் காட்சி வேறு. நிலப்பயன்பாட்டு வகைப்பாடுகளில் 'தரிசு' என்று பதிவாகும் நிலம், ஆடு மாடு வைத்திருப்பவருக்கு மேய்ச்சல் நிலம். வகைப்பாடு பிழையானால் தரிசைப் 'பயன்படுத்தும்' திட்டங்கள் ஒரு பிழைப்பைப் பறிக்கும்.

தமிழில் என்ன இருக்கிறது

இப்பகுதிக்கு இடவழி நோக்குநூல்கள் இல்லாமல் இல்லை. லெ ஃபானுவின் சேலம் மாவட்டக் கையேடு 1883-இலும், ரிச்சர்ட்ஸின் மாவட்ட விவரச்சுவடி 1918-இலும் வந்தன. விடுதலைக்குப் பின் ஏ. ராமசாமி தொகுத்த சுவடி 1967-இல் வெளியானது. பாறை, மழை, ஏரி, பயிர், பஞ்சம் எல்லாம் ஒரே அட்டைக்குள் கிடைப்பது இவற்றின் சிறப்பு. ஆனால் முதலிரண்டும் வரிவசூலும் ஆட்சியும் நடத்துவோருக்காக எழுதப்பட்டவை. நிலம் அங்கு பெரும்பாலும் வருவாயாகவே காணப்படுகிறது. மூன்றுமே ஆங்கிலத்தில் உள்ளவை.

தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம், அருகிலுள்ள ஈரோட்டுப் பகுதியைச் சேர்ந்த பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை 10 தொகுதிகளாக வந்தது. இந்திய மொழிகளில் முன்னோடியான அம்முயற்சி, 1972 ஸ்டாக்ஹோம் மாநாட்டுக்கு முன்பே முடிந்துவிட்டது. சுற்றுச்சூழல் என்ற கருத்து உலக அரங்குக்கு வந்த காலத்தில் தமிழின் பெரும் பொதுக்களஞ்சியம் அச்சேறி முடிந்திருந்தது. பின்னர் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் அறிவியல் களஞ்சியமும் வாழ்வியற் களஞ்சியமும் வந்தன. அவையும் அகரவரிசையில் துறைச்சொற்களை விளக்குபவையே.

இந்திய அளவில் வேறொரு மாதிரி உண்டு. தில்லியின் அறிவியல், சுற்றுச்சூழல் மையம் 1982-இல் வெளியிட்ட முதல் குடிமக்கள் அறிக்கையும், இந்தியாவின் மரபுசார் நீர்ச்சேமிப்பு முறைகளை வட்டாரவாரியாகத் தொகுத்து 1997-இல் வெளியிட்ட நூலும், களத்திலிருந்து தொடங்கிக் கொள்கைக்குச் சென்றவை.

சட்டத்திலேயே இதற்கு வழி உள்ளது. இயோல்ஸ் வெளியான அதே 2002-இல் இந்தியாவில் பல்லுயிர்ச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் 2004 விதிகளின்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் அமையும் பல்லுயிர் மேலாண்மைக் குழு, மக்களைக் கலந்து மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிக்க வேண்டும். உயிரினம், அதன் பயன், அது பற்றிய மரபறிவு ஆகியவை ஊர்ப்பெயர்களுடன் அதில் இடம்பெற வேண்டும். முறையாகச் செய்தால் ஒவ்வோர் ஊராட்சிக்கும் அது ஒரு சிறு களஞ்சியம். காலக்கெடுவுக்காக ஒரே படிவத்தை நிரப்பி முடித்தால் அதுவும் இன்னொரு கோப்பாகிவிடும்.

மதிப்பீடு

உலகக் களஞ்சியங்கள் காரணங்களை விளக்குவதில் வலிமையானவை, தொடர்புகளைக் காட்டுவதில் மெலிந்தவை. பழைய விவரச்சுவடிகள் தொடர்புகளைக் காட்டின, ஆனால் மக்களுக்காக எழுதப்படவில்லை. ஒன்றின் குறையை மற்றொன்று தானாக நிரப்பிவிடாது. இரண்டையும் இணைக்கும் எழுத்து தமிழில் தனியாக எழுதப்பட வேண்டும்.

அதன் அலகு ஆற்றுப்படுகையாகவோ குறுவட்டமாகவோ இருக்கலாம். 'திருமணிமுத்தாறு' என்னும் ஒரு பதிவு என்னென்ன கொண்டிருக்க வேண்டும் என்று எண்ணிப் பார்த்தால் வேலையின் அளவு புரியும்: ஆறு பிறக்கும் மலைச்சாரலின் பாறையும் மழையும், அதிலிருந்து நீர் பெற்ற ஏரிகளும் அவற்றின் வாய்க்கால்களும், நகரின் எந்த ஓடை எங்கே சேர்கிறது என்பதும், சாயக்கழிவின் வேதியியலும், கீழ்க்கரை ஊர்களில் கிணற்று நீர் மாறிய வரலாறும், அங்கு கைவிடப்பட்ட பயிர்களும், இன்று அதன் பொறுப்பு எந்தெந்த அலுவலகங்களிடம் பிரிந்துகிடக்கிறது என்பதும். இவற்றுள் வேதியியலை உலகக் களஞ்சியத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். மழைப்பதிவும் நீர்மட்ட அளவுகளும் அரசுத் துறைகளிடம் உள்ளன. எஞ்சியவற்றை அந்த ஆற்றங்கரை ஊர்களில் கேட்டுத்தான் எழுத முடியும். கேட்டுச் சொல்லக்கூடிய முதியவர்கள் குறைந்துவருவதால், இப்பணி மற்ற பதிப்புப் பணிகளைப் போலக் காத்திருக்கக்கூடியது அன்று.